முடி முளைத்த சொல்

கருங்காட்டூரில் வசவு இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பால்காரர் மாட்டை வைதுகொண்டே பால் கறப்பார், டீக்கடைக்காரர் அடுப்பை வைதுகொண்டே டீ ஆற்றுவார், வாழைக்காய் மண்டியில் ஏலம் எடுப்பவர்கள் ஒருவர் தாயை இன்னொருவர் இழுத்துத்தான் விலை சொல்வார்கள், பெற்றவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சும்போதுகூட ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துத்தான் கொஞ்சுவார்கள், இதில் யாருக்கும் கோபமும் கிடையாது வருத்தமும் கிடையாது, வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற அதிகாரிகள் வந்த புதிதில் காதைப் பொத்திக்கொள்வார்கள், கொஞ்ச நாளில் அவர்களும் வைய ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மண்டி முதலாளி மூக்காண்டி, வாழைத்தாரைக் கீழே போட்ட சுமைகாரரைப் பார்த்து "ஏலே எச்சக்கலை" என்று கத்தியபோது, அவர் வாயிலிருந்து யாரோ சாப்பிட்டு மடித்த வாழையிலை ஒன்று, சப்பிப்போட்ட முருங்கைக்காய்ச் சக்கையும் மோர்ச்சோற்றுப் பருக்கையும் ஒட்டிய ஈரத்தோடு சுருளாக வெளியே வந்து விழுந்ததை, ஊர் ஒரு பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்காண்டி காறித் துப்பினார், வாய் கொப்பளித்தார், இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், இன்னொரு இலை வந்தது. "எச்சி இலையத்தான் எச்சக்கலைன்னு சொல்லுதோம் போல. இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே" என்று துண்டால் வாயைத் துடைத்துவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, எந்த வசவைச் சொன்னாலும் அந்த வசவு எதிலிருந்து பிறந்ததோ அது சொன்னவர் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று. பன்னாடை என்றவர் வாயில் தென்னை மட்டையடியின் சல்லடை வலை வந்தது, கள்ளை வடிகட்டியபோது அதில் சிக்கிச் செத்த தேனீக்களும் எறும்புகளும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. மூதி என்றவர் வாயில் மூதேவியின் கையிலிருக்கும் துடைப்பத்துக் குச்சிகள் வந்தன. பேதியில போவான் என்று பக்கத்து வீட்டுக்காரனைச் சபித்த ஒருவருக்கு, எந்தக் காலத்திலோ கொள்ளைநோய் கண்டு செத்தவர்களின் வயிற்றிலிருந்து போன கஞ்சித் தண்ணீர் வாய் நிறைய வந்து, அவர் வாசலிலேயே குப்புற விழுந்து வாந்தி எடுத்தார், எழுந்து வாயைக் கழுவிவிட்டு, இதற்கெல்லாம் காரணம் பக்கத்து வீட்டுக்காரன்தான் என்று மறுபடியும் அதையே சொன்னார்.

ஊரில் இருந்த ஒரே பல் டாக்டர் ஹெப்சிபா. ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள், கணவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் கிடையாது. அருவருப்பு என்பதே அவளுக்கு இல்லை என்று ஊரில் சொல்வார்கள், சீழ் பிடித்த ஈறையும் புகையிலை தின்று அழுகிய கன்னத்தையும் பார்த்துவிட்டுக் கை கழுவி அதே மேஜையில் தயிர்சாதத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவாள், வாய் என்பது ஒரு அறை, அதைக் கூட்டிப் பெருக்குவது தன் வேலை என்று நினைப்பாள். ஆனி மாதத்துக்குப் பிறகு அவள் கிளினிக் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. பல்லிடுக்கில் துடைப்பக் குச்சி ஏறியவர்கள், அண்ணத்தில் பன்னாடை நார் குத்தியவர்கள், நாக்கில் சுடுகாட்டுக் கரி ஒட்டியவர்கள் என்று வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள், உட்கார்ந்த இடத்திலேயே வரிசைக்குச் சண்டை போட்டு வைதார்கள், அதனால் உள்ளே வரும்போது முன்னைவிட மோசமாக வந்தார்கள். ஹெப்சிபா முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டாள். கூடமாட நின்று கிண்ணம் நீட்டியவள் செல்லக்கனி.

செல்லக்கனி அங்கே உதவிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, புருஷனுடைய அண்ணன் அய்யாத்துரை வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அய்யாத்துரை பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கிறவர், மைக் இல்லாமலே அவர் வைவது கடைசிப் பேருந்தின் ஓட்டுநருக்கும் கேட்கும், ஊரில் நாலு பேர் கூடினால் அவர் வைத வகைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்தான் ஒருநாள் மத்தியானம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, வரிசையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். துண்டை எடுத்ததும் வாயிலிருந்து முடி தொங்கியது.

ஹெப்சிபா இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு பெண்ணின் இடுப்புக்குக் கீழே தொங்கக்கூடிய கூந்தல், பழைய தேங்காயெண்ணெய்ச் சிக்கு நாற்றத்தோடு, எச்சிலில் ஊறி, கை வழியாக வழுக்கிக் கிண்ணத்தில் சுருண்டது. கடைசியில் வந்த வேர்ப்பக்கம் சவரக்கத்தியால் மழித்தது, மழித்தவன் கை நடுங்கியிருக்க வேண்டும், முடியோடு கொஞ்சம் தோலும் ரத்தமும் வந்திருந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

அய்யாத்துரை வாயைத் துடைத்துக்கொண்டே கிண்ணம் பிடித்து நின்றவளைத் தாடையால் காட்டினார். "இவளத்தான். சோத்துல உப்பு கூடிப்போச்சு. முண்டன்னேன். தெனமும் சொல்லுததுதான டாக்டரம்மா."

அவர் சொல்லி முடித்ததும் மறுபடியும் முடி வந்தது. செல்லக்கனி கிண்ணத்தை நீட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஹெப்சிபாவுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சொல் ஊரில் அதிகமாகப் புழங்கிய சொல், ஆகவே முடியும் அதிகமாக வந்தது. சந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள், பக்கத்து நகரத்துக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் இளஞ்சேரலை வரவழைத்து மாலை போட்டார்கள். முண்டிதம் என்றால் மழித்தல், முண்டை என்றால் தலை மழிக்கப்பட்டவள், புருஷன் செத்ததும் பெண்டாட்டியை உட்காரவைத்துத் தலையை மழித்த வழக்கத்தில் பிறந்த சொல் இது என்று அவர் விளக்கினார், மேடைக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் அன்று காலை வந்த கூந்தல் ஈரம் சொட்டக் கிடந்தது. கூட்டத்திலிருந்து ஒரு புலவர் எழுந்து, அப்படியானால் இது வடசொல், இந்த அதிசயத்தில் நம் மொழிக்கு என்ன பெருமை என்று கேட்டார். பேராசிரியர், மொட்டை, முண்டம், மூளி எல்லாம் ஒரே தமிழ் வேர்தான் என்றார். பொழுது சாயும் வரை இரண்டு பேரும் வாதாடினார்கள், ஊர் கைதட்டியது, தாம்பாளத்தில் ஈ மொய்த்தது, அதை யாரும் விரட்டவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபா எழுந்து போய்த் தன் துப்பட்டாவால் தாம்பாளத்தை மூடிவிட்டு வந்தாள். வாதத்துக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

பேராசிரியர் சொன்னதில் ஊருக்குப் பிரயோசனப்பட்டது ஒன்றே ஒன்று. சொந்தப் பெண்டாட்டியை அந்தச் சொல்லால் வைத புருஷன்மார்களுக்கு முடி வரவில்லை, வாயில் பச்சரிசி வந்தது, ஏன் என்று யாருக்கும் விளங்காமல் இருந்தது. பெண்டாட்டி முண்டை என்றால் புருஷன் பிணம்தானே, பிணத்துக்குப் போடுகிற வாய்க்கரிசிதான் அது என்று அவர் விளக்கியதும் திடலில் ஆண்கள் அத்தனை பேரும் ஒரு நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து கருங்காட்டூரில் எந்தப் புருஷனும் தன் பெண்டாட்டியை அப்படிச் சொல்லவில்லை. பெண்களுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது, திருந்திவிட்டார்கள் என்று சில பேர் சொன்னார்கள். ஹெப்சிபாவுக்குத் தெரியும், அவர்கள் அரிசிக்குத்தான் பயந்தார்கள்.

முடிக்கு யாரும் பயப்படவில்லை. சவுரிமுடி வியாபாரி அருணகிரி வந்து பார்த்தார், இழையைத் திரித்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார், இவ்வளவு நீளமும் கறுப்பும் இப்போது எந்தத் தலையிலும் கிடையாது, சாயமும் ஷாம்புவும் படாத முடி என்று சந்தோஷப்பட்டார். பழைய அரவை மில்லுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டார். சும்மா சுவரைப் பார்த்துச் சொன்னால் முடி வருவதில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னாலும் வருவதில்லை, எதிரே புருஷனை இழந்த ஒருத்தி உயிரோடு உட்கார்ந்து காதால் கேட்க வேண்டும், சொல்கிறவனும் மனதாரச் சொல்ல வேண்டும். ஆகவே வைவதற்கு நல்ல வாயுள்ள ஆண்களையும், கேட்பதற்கு ஊரிலிருந்த விதவைகளையும் கூலிக்கு எடுத்தார். பெண்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, மத்தியானம் சாம்பார்சாதம். திறப்பு விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வந்தார்கள். விதவைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்க, நல்ல காரியம் என்பதால் ஒரு சுமங்கலியை அழைத்துக் குத்துவிளக்கு ஏற்றவைத்தார்கள்.

அதற்குப் பிறகு கருங்காட்டூருக்கு வேலைவாய்ப்பு வந்துவிட்டதாக எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வாய்க்கால் மதகில் முடி அடைத்தது, ஹோட்டல் இட்லியில் முடி கிடந்தது, குழந்தைகள் கொட்டகை வாசலில் உதிர்ந்த முடியைப் பொறுக்கி மீசை ஒட்டி விளையாடின. சாயங்காலம் வேலை முடிந்த வாய்க்காரர்கள் ஹெப்சிபாவின் கிளினிக்குக்கு வந்து, தொண்டையில் தங்கிய இழைகளை எடுத்துவிடச் சொல்லி வாயைத் திறந்து காட்டினார்கள், திறந்த வாய் ஒவ்வொன்றிலும் அதே பழைய எண்ணெய் நாற்றமும் ரத்த நாற்றமும் அடித்தது, அவர்களோ பல்குச்சியால் காது குடைந்துகொண்டு இன்று எவ்வளவு தேறியது என்று பேசிக்கொண்டார்கள். அருவருப்பே தெரியாத ஹெப்சிபாவுக்கு இடியாப்பத்தைப் பார்த்தாலே குமட்டியது, நூலைப் பார்த்தால் குமட்டியது, தலை வாரும்போது சீப்பில் வந்த தன் முடியைப் பார்த்து ஒருநாள் வாந்தி எடுத்தாள்.

செல்லக்கனி வேலைக்கு வராமல் நின்றுபோனாள். கொட்டகைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் ஹெப்சிபா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு நேரே அங்கே போனாள்.

கொட்டகை முழுக்க அந்த ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது, தறிச்சத்தம் போல ஏற்ற இறக்கம் இல்லாமல், பத்துப் பதினைந்து வாய்களிலிருந்து. வாய்க்காரர்கள் சொல்வதும் இழுப்பதும் வாளியில் போடுவதுமாக இருந்தார்கள். எதிரே பெண்கள் சிலர் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி அரிசியில் கல் பொறுக்கினாள். கடைசி நாற்காலியில் செல்லக்கனி, அவளுக்கு எதிரே அய்யாத்துரை. வேலைக்கு வந்த இடத்திலும் அவர்கள் அதே இரண்டு பேர்தான். அவர் வாய்க்கு வருகிற முடிதான் கொட்டகையிலேயே அதிகம் என்று அருணகிரி பெருமையாகச் சொன்னார்.

"எந்திரி" என்றாள் ஹெப்சிபா. "உனக்கு வெட்கமா இல்ல? இதுக்கு வந்து உக்காந்திருக்கியே."

செல்லக்கனி எழுந்திருக்கவில்லை. "வீட்டுல சும்மா கேட்டேன் டாக்டரம்மா. இங்க கூலிக்குக் கேக்கேன். சும்மா கேட்டப்ப வந்து யாராவது எந்திரின்னு சொன்னாகளா? உங்க கிளினிக்குல நின்னுக்கிட்டே கேட்டேனே. நீங்க முடியத்தான எடுத்தீக?"

 ஹெப்சிபாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. அதற்குள் எதிரில் அய்யாத்துரை திணறினார்.

வழக்கமாக வழுக்கிக்கொண்டு வருகிற முடி வரவில்லை, என்னவோ முடிச்சாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் நாற்காலியோடு சாய்ந்தார், கழுத்தைப் பிடித்துக்கொண்டார், முகம் நீலம் பாய்ந்தது, கண் பிதுங்கியது. மற்ற வாய்க்காரர்கள் எழுந்து ஓடிவந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஹெப்சிபா பக்கத்தில்தான் நின்றாள். அவள் கை போகவில்லை. இந்த வாயா, இதற்குள்ளேயா என்று உடம்பு முழுவதும் கூசியது, விட்டுவிட்டால் என்ன என்று அவள் மனது தெளிவாகக் கேட்டது. பிறகு அவள் முழங்காலில் உட்கார்ந்து, உறைகூடப் போடாத கையை அந்த வாய்க்குள் விட்டாள். வெதுவெதுப்பும் எச்சிலும் நாற்றமுமாக இருந்தது. விரல் நுனியில் ஏதோ பட்டது. பிடித்து இழுத்தாள்.

வந்தது ஒரு சின்னச் சடை. ஒரு சாண்கூட இருக்காது. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னியது, அடியில் சிவப்பு நூலும் குஞ்சலமும் கட்டியிருந்தது, பின்னலின் நடுவில் கனகாம்பரம் ஒன்று வாடாமல் இருந்தது. அவிழ்க்கக்கூடப் பொறுக்காமல் பின்னலோடு சேர்த்துக் கத்தி வைத்திருந்தார்கள். குஞ்சலம்தான் தொண்டையில் மாட்டியிருந்தது.

அய்யாத்துரை மூச்சை இழுத்தார், இருமினார், கண்ணில் நீர் வழிய ஹெப்சிபாவை நிமிர்ந்து பார்த்தார். "முண்ட, மெதுவா இழுக்கப்படாதா?" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னார், தான் சொன்னது அவருக்கே தெரிந்ததா என்றும் சந்தேகம். ஆனால் மனதாரச் சொல்லாவிட்டால் வராத முடி, புருஷனை இழந்த ஹெப்சிபாவுக்கு முன்னாலும் வந்தது. இத்தனை வருடமாக டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கும்பிட்ட வாயிலிருந்து, அன்றுவரை அந்தக் கொட்டகை பார்த்திராத நீளத்தில், அவர் மார்பில் விழுந்து தரையில் புரண்டது.

"இழுங்க டாக்டரம்மா, விட்டுராதீக, நல்ல நீளம்" என்று அருணகிரி தராசோடு ஓடிவந்தார். வந்தவர் ஹெப்சிபாவின் கையிலிருந்த சின்னச் சடையை வாங்கித் தட்டில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிஞ்சு முடி. எடை நிக்காது. அங்கிட்டுப் போடுங்க."

ஹெப்சிபா கொட்டகை மூலைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காப்பி வந்தது, பிறகு வெறும் தண்ணீர் வந்தது, பிறகு ஒன்றும் வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. நிமிர்ந்தபோது கொட்டகையில் சத்தம் நின்றிருந்தது. செல்லக்கனி நாற்காலியிலிருந்து எழுந்து தராசுத் தட்டிலிருந்து சடையை எடுத்திருந்தாள். தன் சேலைத் தலைப்பால் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தன வயசுப் பிள்ளைக்குள்ளதுன்னு பாத்தீகளா?" என்று அருணகிரியைக் கேட்டாள்.

"முடிக்கு ஏதுத்தா வயசு? வச்சிட்டு உக்காரு."

"இம்புட்டு நாளும் என்னத்தான் வையுதாகன்னு நெனச்சேன்" என்றாள் செல்லக்கனி. "எனக்குத் தாங்கும், வஞ்சிட்டுப் போறாகன்னு இருந்தேன். இந்தப் பிள்ளையத்தான வஞ்சிருக்காக."

பூக் கட்டிக்கொண்டிருந்தவள் நாரைக் கீழே வைத்தாள். கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு வந்து சடையை வாங்கிப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள், அது கை மாறிக் கை மாறி எல்லாப் பெண்களிடமும் போய்விட்டு மறுபடியும் செல்லக்கனியிடம் வந்தது.  செருப்பைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கூலி தருகிறேன், சாப்பாட்டில் முட்டை வைக்கிறேன் என்று அருணகிரி பின்னாலேயே வாசல்வரை வந்தார். வாய்க்காரர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள், நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

அருணகிரி கொஞ்ச நாள் வெளியூர்களிலிருந்து வேன் வைத்துப் பெண்களைக் கூட்டி வந்தார். வேன் கருங்காட்டூருக்குத் திரும்புகிற விலக்கில் நிற்கும், அங்கே வெற்றிலைக் கடை வைத்திருந்தவள் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தவர்களில் ஒருத்தி, ஏறி உள்ளே இருப்பவர்களிடம் என்னவோ சொல்வாள், அவர்கள் அங்கேயே இறங்கி எதிர்ப்பக்கம் பேருந்து ஏறிவிடுவார்கள். வேன் காலியாக வர ஆரம்பித்தது. கொட்டகையில் இப்போது வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ஊரில் வசவு நின்றுவிட்டதா என்றால் நிற்கவில்லை, வாயில் எது வந்தால் தாங்கலாம் என்று பார்த்து வைகிறார்கள், எச்சில் இலைக்கு யாரும் அஞ்சுவதில்லை.

அய்யாத்துரை தொண்டை வீங்கி, சீழ் கோத்து ஒருநாள் கிளினிக்குக்கு வந்தார். செல்லக்கனி அவர் வீட்டை விட்டு வந்து கிளினிக்கின் பின்னறையில் தங்கியிருந்தாள், கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பழகியபடி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். ஹெப்சிபா விளக்கைப் போடவில்லை.

"மூடுங்க" என்றாள்.

"என்னது டாக்டரம்மா?"

"வாய மூடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் இருக்கு. நேரம் உங்களுக்குத் தெரியும்."

அவர் போன பிறகு நாற்காலியை இரண்டு பேருமாகத் தேய்த்துக் கழுவினார்கள்.

சடையைச் செல்லக்கனி சீயக்காய் போட்டு அலசி, நிழலில் காயவைத்து, எண்ணெய் தொட்டுத் தடவி வைத்திருந்தாள். எச்சில் நாற்றம் போக வெகுநாள் பிடித்தது. ஊர் மயானத்தில் புதைக்கலாம் என்று கொண்டுபோனார்கள், அங்கே இருந்த காவலாளி பெயரைக் கேட்டார், பெயர் இல்லாமல் முடியாது என்றார். ஹெப்சிபா தன்னுடைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் கேட்டாள், அங்கேயும் பெயரைத்தான் கேட்டார்கள். பேராசிரியர் இளஞ்சேரலுக்குப் போன் செய்தாள், அந்தச் சொல் எந்தெந்த நூலில் எப்படி எப்படி வந்திருக்கிறது என்று அவர் வெகுநேரம் சொன்னார், அப்படி அழைக்கப்பட்ட ஒருத்தியுடைய பெயராவது எதிலாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்தக் கோணத்தில் தான் பார்த்ததில்லை என்றார்.

கடைசியில் கிளினிக்குக்குப் பின்னால், கறிவேப்பிலைச் செடி பக்கத்தில் குழி தோண்டினார்கள். காலை வெயில் மதிலைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. செல்லக்கனி குஞ்சலத்தை நீவிவிட்டுச் சடையை மண்ணில் வைத்தாள், வைத்தவள் கையை எடுக்காமல் இருந்தாள்.

"ஒண்ணுமே சொல்லாமலா மூட? ஏதாவது சொல்லிக் கூப்பிடணும்லா டாக்டரம்மா."

ஹெப்சிபா யோசித்தாள். ஒரு சொல்லை வாயில் எடுக்கவே அவளுக்கு இப்போதெல்லாம் பயமாக இருந்தது, எதற்குள் எது கிடக்கும் என்று யார் கண்டது. நாக்கின் மேல் வைத்து உருட்டிப் பார்த்தாள், பல்லுக்குப் பின்னால் நிறுத்தி முகர்ந்து பார்த்தாள்.

"பாப்பா" என்றாள்.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாயில் எதுவும் வரவில்லை. செல்லக்கனி தானும் ஒரு தடவை மெல்லச் சொன்னாள், இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள், உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள், வெறும் எச்சில்தான் இருந்தது, சுத்தமாக இருந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்தாள்.